முதலில் லோட், அப்புறம்தான் குறி: நெர்ஃப் அணியைப் பழக்கும் முறை

பொம்மைத் துப்பாக்கியால் சின்ன நுரைக் குண்டுகளை, அதாவது டார்ட்டுகளை, ஒருவர் மேல் ஒருவர் சுடும் அணி ஆட்டம்தான் நெர்ஃப். அதில் ஆறு டார்ட் கொள்ளும் சிலிண்டர் கன், பதட்டத்தில் பத்து நொடிகூடத் தாங்காது. காலியான சிலிண்டரில் ஒவ்வொரு டார்ட்டாகக் கையால் செருக, பழகாத கைக்கு இருபது நொடி பிடிக்கும். புதிய அணியில் எட்டுப் பேர் இருந்தால், விசில் அடித்ததும் எட்டுப் பேரும் ஒன்றாகச் சுடுவார்கள், ஒன்றாகக் காலியாவார்கள். எல்லோரும் குனிந்து பையைத் துழாவும் அந்த இருபது நொடியில் எதிரணி ஓடக்கூட வேண்டாம், நடந்தே வந்து கதையை முடித்துவிட்டுப் போகலாம். ஆட்டம் முடிந்ததும் "நம்ம பசங்களுக்குக் குறி பத்தல" என்பார் கேப்டன். குறியில் பெரும்பாலும் குறை இருக்காது. சுட வேண்டிய நேரத்தில் கன்னில் டார்ட் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

அதனால் பயிற்சியின் வரிசை இப்படி: முதலில் லோட் செய்வது, அடுத்து பேசுவது, கடைசியில் குறி. இதைத் தலைகீழாகச் செய்யும் அணிகள்தான் அதிகம், ஏனென்றால் குறி பார்த்துச் சுடுவதில்தான் ஜாலி.

கன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நெர்ஃப் என்பது ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியின் பிராண்ட் பெயர்தான். ஆனால் ஜெராக்ஸ் மாதிரி, நுரை டார்ட் சுடும் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. எந்தக் கம்பெனி கன்னாக இருந்தாலும் அணி முழுவதும் ஒரே வகை டார்ட், முடிந்தால் ஒரே வகை மேகசின் (டார்ட்டுகளை அடுக்கிக் கன்னில் மாட்டும் பெட்டி). 2012இல் வந்த எலைட் வகை டார்ட் சுமார் 72 மில்லிமீட்டர் நீளம், ஒரு கிராம் எடை. அதில் பாதி நீளமுள்ள குட்டை டார்ட்டும் கிடைக்கிறது. அதை நீள மேகசினில் போட்டால் சரியாக ஏறாது. மெகா டார்ட் தடிமனானது. அல்ட்ரா டார்ட்டுக்கு அல்ட்ரா கன்தான் வேண்டும். ரைவல் வகையில் டார்ட்டே கிடையாது, உருண்டைப் பந்து. ஒரு அணியில் நாலு வகை கலந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் நிறைய இருந்தும் உங்களுக்கு ஒன்றும் உதவாது.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: ஆளுக்குப் பன்னிரண்டு டார்ட் மேகசின் மூன்று. எட்டுப் பேருக்கு 288 டார்ட். கூடவே நூறு கையிருப்பு. ஒவ்வொரு முறையும் சில தொலையும், சில மிதிபடும். கையிருப்பு ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஆட்டத்துக்கு முன் வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கையால் பின்னுக்கு இழுத்துச் சுடும் ஸ்பிரிங் கன்னா, பேட்டரியில் சுழலும் சக்கரங்கள் டார்ட்டைத் தள்ளும் மோட்டார் கன்னா என்ற சண்டை எல்லா அணியிலும் வரும். மோட்டார் கன் வேகமாகச் சுடும், ஆனால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், பேட்டரி குடிக்கும். ஸ்பிரிங் கன் மெதுவானது, ஆனால் நம்பகமானது. புதியவருக்கு ஸ்பிரிங் கொடுப்பது நல்லது, ஒவ்வொரு டார்ட்டுக்கும் மதிப்பு தெரியும். அணியில் இரண்டு மோட்டார் கன் இருந்தால் போதும். எட்டும் மோட்டாராக இருந்தால் 288 டார்ட் எங்கே போனது என்றே தெரியாது.

இனி கண். இதில் பேரம் கிடையாது. 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், நெர்ஃப் டார்ட் பட்டு வந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். மூவருக்கும் கண்ணுக்குள் ரத்தக்கசிவு. கடையில் வாங்கின சாதாரண கன்னின் வேகம் வினாடிக்குச் சுமார் 70 அடி, அதாவது 21 மீட்டர். ஸ்பிரிங் மாற்றின கன் இதைப்போல இரண்டு மடங்கு போகும். வேகம் இரட்டிப்பானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. எனவே வேக உச்சவரம்பை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்து, மாற்றம் செய்த கன்களை வேகமானியில் சுட்டுப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். போட வேண்டியது பாலிகார்பனேட் லென்ஸ் உள்ள பாதுகாப்புக் கண்ணாடி, ஓரத்தில் 'இசட் 87' (Z87) என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தர முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. பவர் கண்ணாடி இதற்கு ஈடாகாது, அதன் மேலே போடும் வகை தனியாக இருக்கிறது. ஆவி படிந்தால் ஆள் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், அதுதான் நிஜ ஆபத்து. உலர்ந்த சோப்பை லென்ஸின் உட்புறம் லேசாகத் தேய்த்து மென்துணியால் துடைத்துவிட்டால் ஆவி படிவது குறையும். எல்லா கன்னும் காலி என்று கேப்டன் சொல்லும்வரை யாரும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, அடிபட்டு வெளியே உட்கார்ந்திருப்பவர் உட்பட.

ஆரஞ்சு முனையைக் கறுப்பு பெயின்ட் அடித்து 'நிஜமாக' மாற்றும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரிய அந்த முனைதான் இருக்கிறது. மைதானத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கன் பைக்குள் இருக்கட்டும்.

சரி, லோட் பயிற்சி. நிரம்பிய மேகசின்கள் இடுப்பில் ஒரே பக்கம், எல்லாம் ஒரே திசையில், டார்ட் முனை முன்னோக்கி இருக்க வேண்டும். வலது கையால் சுடுபவருக்கு இடது இடுப்பு. காலி மேகசினுக்குத் தனியாக ஒரு துணிப்பை, அது பின்பக்கம். காலியானதைத் திரும்ப நிரம்பியவற்றோடு செருகுவது எல்லோரும் செய்யும் தப்பு. அடுத்த முறை அவசரத்தில் அதே காலி மேகசின்தான் கைக்கு வரும்.

கன்னை இடுப்புக்கு இறக்காமல் நெஞ்சு உயரத்திலேயே வைத்து, கண்ணை எதிர்ப்பக்கத்தை விட்டு எடுக்காமல், கையால் தடவியே மாற்ற வேண்டும். பழைய மேகசின் வெளியே, புதியது உள்ளே, 'டக்' சத்தம், கீழே இழுத்துப் பார்ப்பது, ஸ்பிரிங்கை இழுப்பது. அந்தக் கீழ் இழுப்பை விட்டுவிட்டால், பாதி மாட்டிய மேகசின் ஓடும்போது காலில் விழும். சில ஸ்பிரிங் கன்களில் போல்ட்டை (டார்ட்டை உள்ளே தள்ளும் பாகம்) பின்னுக்கு இழுக்காமல் மேகசினைத் திணித்தால் மேல் டார்ட் நசுங்கிவிடும். உங்கள் கன் எப்படி என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அமர்வுக்குப் பத்து முறை நின்றபடி, பத்து முறை மண்டியிட்டபடி. நான்கு நொடிக்குள் வந்துவிட்டால் போதும், அதற்கு மேல் வேகம் காட்ட வேண்டியதில்லை.

ஜாம் ஆவதில் பெரும்பகுதி கன்னின் குற்றம் இல்லை. ஒரு டார்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் நேராக உருள வேண்டும், கோணினால் வளைந்திருக்கிறது. நுரையை லேசாக அமுக்கி விடுங்கள். மடிப்பு அப்படியே நின்றால் அந்த டார்ட்டின் ஆயுள் முடிந்தது. முனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். பசை விட்டு ஆடினால் குப்பைக்குத்தான், ஏனென்றால் கழன்ற முனை கன்னுக்குள் சிக்கும், சின்னக் குழந்தை கையில் கிடைத்தால் வாய்க்குப் போகும். இந்த மூன்றும் சேர்த்து ஒரு டார்ட்டுக்கு இரண்டு நொடி. மேகசினில் ஏற்றும்போதே பார்த்துவிட்டால் தனி நேரம் தேவையில்லை.

ஸ்பிரிங் கன் ஜாமுக்கு இன்னொரு காரணம் அரை இழுப்பு. பதட்டத்தில் கை முழுசாகப் பின்னால் போகாது, முக்கால்வாசியில் திரும்பிவிடும். டார்ட் பாதி ஏறி மடங்கும். 'க்ளிக்' கேட்கும்வரை பின்னால், பிறகு முழுசாக முன்னால். சிறுவர்களுக்கு இதை வாயால் எண்ணிக்கொண்டே செய்யப் பழக்குவது பலன் தரும்: பின், முன், சுடு. மோட்டார் கன்னில் தப்பு வேறு மாதிரி. சக்கரம் வேகம் பிடிப்பதற்குள் ட்ரிகரை அழுத்தினால் டார்ட் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதலில் மோட்டார், சத்தம் ஒரே சீராக வந்ததும் ட்ரிகர். அந்தச் சத்தம் வழக்கத்தைவிடத் தணிந்து கேட்டால் பேட்டரி இறங்குகிறது என்று பொருள், எல்லா பேட்டரியையும் ஒன்றாக மாற்றுங்கள். சாதாரண ஏஏ பேட்டரி இருக்கும் இடத்தில் அதே அளவு லித்தியம் அயன் செல்லைப் போடும் யோசனை யாருக்காவது வரும். ஒன்று 1.5 வோல்ட், மற்றது 3.7. மோட்டாரும் ஒயரும் சூடாகிக் கருகும்.

ஜாம் எடுக்க மேகசினைக் கழற்றி, மேலே உள்ள கதவைத் திறந்து விரலால் எடுங்கள். குழல் வழியாகக் குச்சி விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பாகம் உடையும்.

இப்போது ஜோடி. அணியை எட்டுப் பேராகப் பார்க்காமல் நான்கு ஜோடியாகப் பாருங்கள். ஒரே சட்டம்தான்: ஜோடியில் ஒரு கன் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். காலியானவர் "காலி!" என்று கத்துவார். மற்றவர் "பார்த்துக்கிறேன்!" என்று பதில் சொல்லி, நொடிக்கு ஒன்று வீதம் சுடுவார். பதில் வராமல் முதலாமவர் கன்னைத் தொடக் கூடாது. லோட் ஆனதும் "ரெடி!" இந்த மூன்று சொல் போதும். நீளமான வாக்கியம் இரைச்சலில் காதில் ஏறாது. நொடிக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு டார்ட் பன்னிரண்டு நொடி வரும், நான்கு நொடி லோடுக்கு அது தாராளம். கூட்டாளி ஓடும்போதும் இதே முறைதான். ஓட்டம் மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். அதற்குள் எட்டும் மறைவு இல்லையென்றால் அந்த வழி தப்பு.

எதிரணி ஆட்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல 'இடது, வலது' பயன்படாது. திரும்பி நிற்பவருக்கு எல்லாம் மாறிவிடும். ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடந்து ஐந்தாறு இடத்துக்குப் பெயர் வையுங்கள்: நீலச்சுவர், பெரியமரம், பெஞ்சு, படிக்கட்டு. பிறகு இடமும் எண்ணிக்கையும் மட்டும்: "நீலச்சுவர், ரெண்டு!" அடிபட்டவர் கன்னைத் தலைக்கு மேல் தூக்கி வாயை மூடிக்கொண்டு வெளியேற வேண்டும். போகிறபோக்கில் எதிரி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது சின்னத்தனம். ஆனால் தடுக்காவிட்டால் எல்லோரும் செய்வார்கள்.

மறைவில் நிற்பதிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். புதியவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது எட்டிப் பார்க்க உடம்பில் பாதி வெளியே வர வேண்டியிருக்கும், கன் முனையோ அதற்கு முன்பே வெளியே தெரியும். சுவர் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் தரையில் டேப் ஒட்டி, அங்கே நின்று ஓரங்குலமாகப் பக்கவாட்டில் நகரச் சொல்லுங்கள். எதிரியின் தோள் தெரியும்போது உங்கள் முகம் இன்னும் மறைவில்தான் இருக்கும். இடது ஓரத்தில் நின்றால் கன்னை இடது தோளுக்கு மாற்ற வேண்டும். அசௌகரியமாகத்தான் இருக்கும், பழகட்டும்.

கடைசியாகக் குறி. 21 மீட்டர் வேகத்தில் கிளம்பும் டார்ட் 10 மீட்டர் போக அரை நொடியாவது ஆகும். காற்று இழுப்பதால் நிஜத்தில் கூடவே ஆகும். அரை நொடியில் எந்தப் பொருளும் 1.2 மீட்டர் கீழே இறங்கிவிடும். அதாவது நெஞ்சுக்கு நேரே சுட்டால் பாதத்தில் போய் விழும். 5 மீட்டரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தால் போதும். 10 மீட்டரில் நெஞ்சுக்கு மேலே இரண்டரை முழம், அதாவது தலைக்கு மேலே வெறும் காற்றைக் குறிவைக்க வேண்டும். பக்கவாட்டில் ஓடுகிறவர் அந்த அரை நொடியில் இரண்டு மீட்டர் தாண்டியிருப்பார், அவருக்கு முன்னால் அவ்வளவு தள்ளிச் சுட வேண்டும். கயிற்றில் தட்டு கட்டி, 5, 7, 10 மீட்டரில் கோடு போட்டு, கோட்டுக்குப் பத்து டார்ட். பத்தில் ஆறு பட்டால் அடுத்த கோடு. 10 மீட்டருக்கு அப்பால் டார்ட் தன் இஷ்டத்துக்கு வளையும், அங்கே பயிற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூன்று மீட்டருக்குள் நெருங்கிவிட்டால் சுடாமல் "சரண்!" என்று சொன்னால் போதும், எதிராளி அவுட். பட்டுத் தெறித்த டார்ட் கணக்கில் சேராது. கன்னில் பட்டால் சேருமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். பட்டதா இல்லையா என்று தகராறு வந்தால் பட்டவர் சொல்வதே முடிவு. சுட்டவருக்கு அதில் வாயே கிடையாது. இதை ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அணிக்கு வேண்டாம்.

கேப்டன் முன்வரிசையில் நிற்கக் கூடாது, முதல் நிமிடத்திலேயே அவுட்டாகி ஓரமாக உட்கார்ந்திருப்பார். இருக்கிறதிலேயே சின்னப் பையனை டார்ட் பொறுக்க மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கமும் வேண்டாம். அந்த வேலை முறைவைத்து மாறட்டும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரு கை இடைவெளியில் வரிசையாக நின்று, மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நடந்து பொறுக்குங்கள். திரும்பக் குறுக்குவாட்டில் ஒரு நடை. எண்ணிப் பாருங்கள். ஈரமான டார்ட்டை அப்படியே பையில் போடாமல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். மேகசினை நிரப்பியே வைத்தால் டார்ட் அமுங்கி வடிவம் கெடும், இழுத்த நிலையில் வைத்த ஸ்பிரிங் தளரும். எனவே மேகசினைக் காலி செய்து, ஸ்பிரிங்கை விட்டு, பேட்டரியைக் கழற்றி எடுத்து வையுங்கள்.