சிம்மத்துக்குள் இருக்கும் எலி

திருமணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் வந்தாலே பலர் முகம் சுளித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ ஜோதிடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆண், பெண் இருவரின் நட்சத்திர விலங்குகளும் ஒத்துப்போகுமா, பகையா என்று பார்ப்பதுதான் அது. நட்சத்திரங்களுக்கு மொத்தம் 14 விலங்குகள். அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை, பரணிக்கும் ரேவதிக்கும் யானை, ரோகிணிக்கும் மிருகசீரிடத்துக்கும் பாம்பு என்று இணை இணையாகப் போகும்.

மகமும் பூரமும் சிம்ம ராசி நட்சத்திரங்கள், ஆனால் அவற்றின் விலங்கு எலி! சிங்கம் அவிட்டத்துக்கும் பூரட்டாதிக்கும் போய்விட்டது. ராசிச் சின்னம் வேறு, நட்சத்திர விலங்கு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இது தெரியாமல் ‘எலி நட்சத்திரம்’ என்று ஒரு பெண்ணை இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எலிக்குப் பகை பூனை, அதாவது புனர்பூசமும் ஆயில்யமும். அவ்வளவுதான். குதிரைக்கு எருமை பகை, யானைக்குச் சிங்கம், பசுவுக்குப் புலி.

உத்திராடத்தின் கீரிக்கு மட்டும் இணை இல்லை. அதன் ஜோடியான அபிஜித் 28-வது நட்சத்திரம். வழக்கமான 27-இல் அது சேராது. கீரியின் பகையான பாம்புக்கோ இரண்டு நட்சத்திரங்கள்.