நூறு கிராம்

"கொஞ்சம் குறைச்சு எழுத ஏலாதா மிஸ்?"

2022 செப்டம்பரில், பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் எங்கள் கிளினிக்கில் ஒரு தாய் மகளின் எடையைப் பற்றி என்னிடம் கேட்டது இது. குரலைத் தாழ்த்திக்கூடக் கேட்கவில்லை, கடையில் விலை கேட்பதுபோல்தான் கேட்டார். "அப்படியெல்லாம் எழுத முடியாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

அவருடைய மகளுக்கு அந்தக் கிழமைதான் இரண்டு வயது முடிந்திருந்தது. தராசு 9 கிலோ 100 கிராம் காட்டியது. அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு எடை குறைவு என்று கணக்கிடுகிற கோடு 9 கிலோ. அதற்குக் கீழே போனால் பிள்ளையின் வளர்ச்சிக் கார்டில் செம்மஞ்சள் பகுதி, திரிபோஷ என்கிற சத்துமா கிடைக்கும். வேறு காலமாக இருந்தால் இப்படி ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுத்துப் பார்ப்போம். ஆனால் சோளம் கிடைக்காமல் திரிபோஷ உற்பத்தி குறைந்திருந்த நேரம் அது, எங்களுக்கு வந்ததும் கொஞ்சம்தான், அதனால் கோட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்று பேசி வைத்திருந்தோம். ஒரு தாய்க்காக எடையை மாற்றி எழுதினால் அடுத்த தாய்க்கு என்ன பதில் சொல்வது? அப்புறம் அந்தக் கார்டை நம்பி யார் வைத்தியம் பார்ப்பது? நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் ஒன்று. பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்தேனா? எனக்கு ஞாபகமில்லை. கழற்றுவதுதான் முறை, வருகிற எல்லாத் தாய்மாரிடமும் நானே அதைச் சொல்லுகிறவள். அன்று மழை, வரிசை வெளி வாசல்வரை நின்றது, பிள்ளை தொங்கு தராசில் காலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை, கழுத்தில் லேஸ் வைத்தது. அது கண்ணில் அப்படியே நிற்கிறது. தராசில் தொங்கும்போது உடம்பில் இருந்ததா, தாயின் தோளில் கிடந்ததா என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது. நனைந்த சட்டை நூறு கிராம் தாராளமாக இருக்கும்.

அதற்கு முந்தின மாதம் இதே தாயை நான் ஏசியுமிருக்கிறேன். திரிபோஷ ஒரு பக்கெட் 750 கிராம், ஒரு நாளைக்கு 50 கிராம், இரண்டு பக்கெட் என்றால் ஒரு மாதத்துக்குச் சரி. இவர் வீட்டில் பத்து நாளில் முடிந்துவிடுகிறது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து, மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. "இது அவளுக்கு மருந்து மாதிரி, அவளுக்கு மட்டும் குடுங்க" என்றேன். "மத்த ரெண்டும் பார்த்துக்கிட்டு இருக்கிறப்போ எப்படி மிஸ் ஒருத்திக்கு மட்டும் குடுக்கிறது?" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நானாக இருந்தாலும் மூன்றாகத்தான் பிடித்திருப்பேன்.

1973இலிருந்து இலங்கையில் திரிபோஷ கொடுக்கிறோம். சோளம், சோயா, பால்மா, அதோடு விட்டமின், கனியுப்பு. அதை அளவு போட்டு, பதிவு போட்டு, மருந்து கொடுப்பதுபோல் கொடுக்கிறோம், அப்படிக் கொடுத்தால்தான் உரிய பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பதும் உண்மை. ஆனால் பனடோல் மாத்திரையை யாரும் மூன்றாகப் பிரித்துத் தம்பிக்கும் அக்காவுக்கும் கொடுப்பதில்லை. சாப்பாடு வீட்டுக்குள் போன நிமிஷமே அது அந்த வீட்டுச் சாப்பாடு. அந்தச் செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது போன வருஷம் வாங்கிய அதே சாமானுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காசு. அப்படிப்பட்ட வீட்டில் நான் ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு பேரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்க என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர்கள் ஐந்து வயது தாண்டியவர்கள், என் பதிவில் இல்லை. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

அடுத்த மாதம் வந்தார். பிள்ளை அதே 9 கிலோ 100. ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஏறவுமில்லை. ஆனால் ஒரு மாதம் வயது கூடியதால் கோடு 9 கிலோ 200க்கு ஏறிவிட்டது, பிள்ளை செம்மஞ்சளுக்குள் வந்துவிட்டாள். இரண்டு பக்கெட் கொடுத்தேன். இந்த முறை சட்டையை நானே கழற்றினேன். தாய் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, பக்கெட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, "வாறேன் மிஸ்" என்று போய்விட்டார்.

செப்டம்பரில் கொடுக்காமல் விட்டது இன்னும் மெலிந்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இதுவரை இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அன்று பின்னேரம் அலுமாரியைப் பூட்டும்போது உள்ளே இரண்டு பக்கெட் மிச்சம் இருந்தது. வருவதாகச் சொன்ன ஒரு தாய்க்கு எடுத்து வைத்தது. அந்தத் தாய் அந்த மாதம் வரவேயில்லை.