சிரிஞ்சைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்

மருத்துவ விவரங்களை நோயாளிக்குப் புரியவைக்கும் விதத்தை மாணவிகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது? நர்சிங் ஆசிரியர்களுக்கான இந்தப் பயிற்சியில் ஸ்லைடுகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு, இன்சுலின் குப்பிகளை மேசையில் எடுத்து வைப்பதே நல்லது.

நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் குப்பியும் புழங்குகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போடவேண்டியவர் 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாறாக, 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலியான 40 யூனிட் குப்பிகளில் தண்ணீர் ஏற்றி, 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டிவிடுங்கள். ஒட்டாத குப்பி வார்டுக்குப் போய்விடக் கூடாது. ஆசிரியர்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் விளக்க, ஒருவர் நோயாளியாக நடிக்க, ஒருவர் கவனித்துக் குறிப்பார். நோயாளிக்கு மட்டும் ஒரு சீட்டு: "கடையில் ஆரஞ்சு மூடிதான் கொடுத்தார்கள். செய்து காட்டச் சொன்னால் அதை எடுங்கள்."

"புரிஞ்சுதாம்மா?" என்றால் "சரிங்க சிஸ்டர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும், ஆரஞ்சு மூடி பைக்குள்ளேயே இருக்கும். செய்து காட்டச் சொல்லும்போதும் பல ஆசிரியர்களுக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) தொனி வந்துவிடுகிறது: "எங்கே, சொல்லுங்க பார்ப்போம்!" பள்ளிக்கூடத்துக்கு அஞ்சிப் படிப்பை விட்டவர்களுக்கு இது மறுபடியும் அதே பயம். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுல எப்படிப் போடுவீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா?" என்று கேட்கப் பழக்க வேண்டும். பொறுப்பு சொன்னவர் மேல் விழுகிறது. நோயாளி கூச்சமில்லாமல் சிரிஞ்சை எடுப்பார்.

அதிகம் விட்டுப்போவது அடுத்த படி. தவறைத் திருத்தியதும் விளக்கியவர் எழுந்துவிடுகிறார். திருத்தியபின் இன்னொரு முறை செய்யச் சொன்னால்தான் அது மனதில் நின்றதா என்று தெரியும். முதலில் சொன்ன அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதும் திருத்தமாகாது. மூடியின் நிறத்தையும் குப்பியில் அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

இதெல்லாம் மாணவிகளிடம் போய்ச் சேர வேண்டுமானால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இருக்க வேண்டும். பத்தில் இரண்டு எளிய சொல்லுக்கு, மூன்று செய்து காட்டச் சொன்னதற்கு, இரண்டு வேறு விதமாகத் திருத்தியதற்கு, மூன்று மறுமுறை பார்த்ததற்கு. நோயாளி வேடத்துக்குச் சக மாணவி வேண்டாம். விடை தெரிந்தவர் தன்னையறியாமல் சரியான சிரிஞ்சையே எடுத்துவிடுவார்.