ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க

விமானம் நடுவானில் குலுங்கும் டர்புலன்ஸ் வந்தால் பயணிகள் முதலில் பார்ப்பது விமானப் பணியாளர்களான எங்கள் முகத்தைத்தான். அன்றைக்குக் கேப்டன் கேபின் க்ரூவையும் உட்காரச் சொல்லிவிட்டார். டிராலியைப் பூட்டிவிட்டு, பணியாளர்களுக்கான மடக்கு இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன். எதிர் வரிசையில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க."

நான் அதைச் சொல்லவில்லை. "விமானம் தாங்கும்மா. பெல்ட்டை இடுப்போட இறுக்கிப் போட்டுக்குங்க" என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். நானும் என் பதிலையே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பறக்கும்போது எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும்படிதான் இறக்கையை வடிவமைக்கிறார்கள். பயமுறுத்தும் அந்த இறக்கை வளைவுகூட, ஒடியாமல் இருப்பதற்காகவே வைத்தது. ஆபத்து உள்ளே இருப்பவர்களுக்குத்தான். பெல்ட் போடாதவர்களும் நின்றுகொண்டு வேலை பார்க்கும் நாங்களும்தான் பெரும்பாலும் அடிபடுகிறோம். தெளிந்த வானத்துக் குலுக்கல் ராடாரில் தெரியாது. மழைத்துளி இருந்தால்தானே அது காட்டும்? 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் நடுவானில் குலுங்கியபோது ஒருவர் இறந்துபோனார், பலர் காயப்பட்டார்கள். விமானம் பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. இதெல்லாம் தெரிந்த நான் எப்படி 'ஒன்றும் ஆகாது' என்பேன்? அதை நம்பி அவர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டால்?

தளர்த்தியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் இறக்கையின் பலத்தையா கேட்டார்?

குலுக்கல் அடங்கியதும் போய்ப் பேசினேன். அடுத்த முறை இறக்கைப் பக்கம் சீட் கேளுங்கள், வால் பக்கம் ஆட்டம் அதிகம். தரை சூடாகுமுன் கிளம்பும் காலை விமானத்தில் பொதுவாக ஆட்டம் குறைவு. மூச்சை மெதுவாக, நீளமாக விடுங்கள் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். இவை பயனுள்ள விஷயங்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பயம் வந்து போன பிறகு சொன்னேன்.

என் சீனியர் அக்கா ஒருவர் தயங்காமல் "ஒண்ணும் ஆகாது" என்பார். பெல்ட் போட்டவருக்கு அது கிட்டத்தட்ட உண்மைதானே என்பது அவர் வாதம். எனக்கு அந்த 'கிட்டத்தட்ட' இடிக்கிறது. ஆனாலும் அவரிடம் யாரும் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

சமீபத்தில் ஒரு பையன் அதே கேள்வியைக் கேட்டான். தலையை ஆட்டிவிட்டு, பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டியதும் சொன்னதாகத்தான் கணக்கா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.