ஓரியூரில் ஒரு திருநீற்றுப் புதன்

அம்மாவுக்கு எல்லாமே கோவில் கணக்குதான். தம்பி பைக்கில் அடிபட்டது திருவருகைக் காலம் இரண்டாம் வாரம். கிறிஸ்மஸ் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே போனது. அவன் கம்பைப் பிடித்து முதல் அடி வைத்தது உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரம். அந்த வராண்டாவில்தான் அம்மா நேர்ந்துகொண்டார்: "இவன் எழுந்து நடந்துட்டா, விபூதி புதனன்னைக்கு ஓரியூர் வந்து மண் எடுக்கிறோம், அருளானந்தரே."

அருளானந்தர் ஓரியூரில் வேதசாட்சியாய் உயிர்விட்ட கத்தோலிக்கப் புனிதர், அவர் ரத்தம் சிந்தியதால்தான் அங்கே மண் சிவந்தது என்று நம்பி அதை எடுத்துப் போவார்கள். அவர் திருநாளான பிப்ரவரி 4 அன்றுதான் பலரும் போவார்கள். அம்மாவின் கணக்கு வேறு. 1693இல் அவர் தலை வெட்டப்பட்ட அந்த பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன், அதாவது நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் விபூதி புதன். உயிர்ப்பு ஞாயிறுக்கு 46 நாள் முன்னால் வரும். அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22. அதைவிட முன்னால் உயிர்ப்பு ஞாயிறு வரவே வராது. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு திருநாளும் திருநீற்றுப் புதனும் ஒரே நாளில் வந்ததில்லை, இனி 2285இல்தான். அதனால் அம்மாவுக்குப் புதன்தான் முக்கியம்.

அம்மாவின் மூட்டுவலி விடவில்லை. நானும் தம்பியும் கிளம்பினோம். கையில் ஒரு தீப்பெட்டி. ஆச்சி காலத்தில் அதில்தான் ஓரியூர் மண் இருக்கும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் தொட்டு வைப்பார்கள். இப்போது ஓரத்தில் சிவப்புக் கறை மட்டும்தான் மிச்சம்.

மதுரையிலிருந்து தொண்டி பஸ், திருவாடானையில் இறங்கினோம். ஆட்டோக்காரர் கேட்ட வாடகை மதுரையிலிருந்து வந்த டிக்கெட்டை விட அதிகம். யாத்திரை வருகிறவர்களிடமா இப்படி? ஒருசந்தி (நோன்பு) நாளில் வாக்குவாதம் வேண்டாம் என்று கொடுத்தேன். கோவில் வாசலிலும் மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. தம்பி கால் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்தும் வழி விடவில்லை. மனம் கொஞ்சம் கசந்துதான் உள்ளே போனேன்.

திருப்பலியில் சாம்பல் பூசும்போது சாமியார், "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்றார். வருஷா வருஷம் கேட்கிற வார்த்தைதான். ஆனால் தம்பிக்கு அவர் அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. மண்ணுக்குப் போக இருந்தவன்தானே அவன்.

அப்புறம் மண் எடுக்கும் இடம். ஒருவர் பை பையாக அள்ளிக்கொண்டிருந்தார், பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கவலையே இல்லை. எங்கள் முறை வந்தது. "நான் எடுத்துத் தரேன்டா" என்றேன். "இல்லக்கா, நானே" என்றான். தொடையில் கம்பி வைத்த காலை ஒருபக்கமாக நீட்டி, என் தோளைப் பிடித்து, மெல்ல மெல்ல முழங்கால் போட்டான். ஆஸ்பத்திரியில் மடங்கவே மடங்காது என்று சொன்ன கால். அவன் குனிந்தபோது நெற்றியிலிருந்த சாம்பல் துளி துளியாக உதிர்ந்தது. செக்கச் சிவந்த மண்ணில் சாம்பல் பொட்டுகள். அதையும் சேர்த்தே ஒரு பிடி எடுத்தான்.

சிறையில் மை இல்லாமல், கரியைத் தண்ணீரில் கரைத்துக் கடிதம் எழுதினாராம் அருளானந்தர். லிஸ்பனில் பிறந்தவர் கடைசி வரிகளை எழுதியது இந்த ஓரியூரில். அம்மா எனக்கு ஒரு பெரிய ஜெபப் பட்டியல் கொடுத்திருந்தார்: என் மகள் படிப்பு, சித்தப்பா கடன், வீட்டுப் பட்டா. ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. ஆண்டவரே நன்றி, ஐயா அருளானந்தரே நன்றி, அவ்வளவுதான். எத்தனை முறை சொன்னேனோ. அந்த ஆட்டோக்காரருக்காகக்கூட வேண்டிக்கொண்டேன். நம்மைக் கொண்டுவந்து சேர்த்தவர்தானே. பட்டியல் அம்மாவிடம் கேட்டு வீட்டிலேயே ஜெபித்துக்கொள்ளலாம், அவருக்குக் கேட்காமலா போகும்.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. அம்மா நெற்றியிலும் பங்குக் கோவில் சாம்பல் அழியாமல் இருந்தது. தீப்பெட்டியைத் திறந்து, விரலால் மண்ணைத் தொட்டு, தம்பியின் முழங்காலில் சிலுவை வரைந்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம்தான் எங்களைப் பார்த்து, "கஞ்சி வச்சிருக்கேன், வாங்க" என்றார்.