பிரஸ்ஸல்ஸ் பற்றி எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள்

எங்கள் பக்கத்தில் ‘பெரிய மனிதர்’ என்றால் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து விசைப்படகு வைத்திருக்கும் முதலாளி. மீனவர் சங்கத்தில் தலைவர், செயலாளர் என்று பதவியில் இருப்பவர். கணவாயும் இறாலும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிக்காரர். சர்ச் பங்குச்சாமி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் தலைமுறையாக வியாபாரம் பார்க்கும் குடும்பங்கள். அப்புறம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஓரிருவர். கலெக்டர் கூட்டம் போட்டால் முன்வரிசை நாற்காலி இவர்களுக்குத்தான்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் உட்கார்ந்து படகுக் கணக்கும் ஏற்றுமதிக் காகிதமும் எழுதிப் பிழைக்கிறவன் நான். அதனால் இவர்கள் எல்லாருடைய பேச்சும் சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வந்துவிடும். டெல்லியையும் கொழும்பையும் திட்டுவது தினப்படி நடப்பதுதான். ஆனால் ஐரோப்பிய யூனியன் என்று வந்துவிட்டால் பேச்சின் தொனியே மாறும். இலங்கை விஷயத்தில் யூனியனின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் வைத்திருக்கும் கொள்கையை இவர்களில் ஒருவரும் படித்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தீர்மானமான கருத்து உண்டு. கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது இதுதான்: அக்கரையை அடிக்க ஐரோப்பா கையில் ஒரு கம்பு இருக்க வேண்டும், அந்தக் கம்பு இக்கரைப் பக்கம் திரும்பக் கூடாது. இந்த ஆசையைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

2015 ஜனவரியில் இங்கே நடந்த கொண்டாட்டத்தைச் சொன்னால் விளங்கும். அந்த மாதம் 8ஆம் தேதி நடந்த தேர்தலில் ராஜபக்ச தோற்றார். அடுத்த வாரமே இலங்கை மீனுக்கு ஐரோப்பிய யூனியன் போட்ட இறக்குமதித் தடை அமலுக்கு வந்தது. பாம்பன் படகு முதலாளி ஒருவர் என்னிடம் வந்து, “பாத்தியா, நம்ம பயலுகளப் புடிச்சதுக்கு ஐரோப்பாக்காரன் ஆப்பு வச்சுட்டான்” என்றார். தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் இதே பேச்சுதான். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

நம் படகுக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தமே கிடையாது. நீர்கொழும்பு, பேருவளை பக்கத்துப் பலநாள் படகுகள் ஆழ்கடலில் சூரையும் வாள்மீனும் பிடிக்கப் போகின்றன. அந்தப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கண்காணிப்பு இல்லை, தப்புச் செய்தால் உறைக்கிற மாதிரி அபராதம் இல்லை, இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையத்தின் விதிகளை இலங்கை மதிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2012 நவம்பரில் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டினார்கள், 2014 அக்டோபரில் தடைக்கான சிவப்பு அட்டை. குளிரூட்டிய சூரை, வாள்மீன் இரண்டையும் ஐரோப்பாவுக்கு அனுப்புவதில் இலங்கை அப்போது இரண்டாம் இடத்தில் இருந்தது. 2013இல் மட்டும் 7.4 கோடி யூரோ வியாபாரம். ஆக, அடி விழுந்தது சிங்களப் பகுதிப் படகுகளுக்கும் கொழும்பு ஏற்றுமதிக்காரர்களுக்கும். நம்மோடு வலைச்சண்டை போடும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் அந்தக் கதையிலேயே இல்லை.

இதை அந்த முதலாளியிடம் சொன்னேன். “அது கிடக்கட்டும்யா, அடி விழுந்துச்சுல்ல” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

2016 ஜூனில் தடை நீங்கியது. இலங்கை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளில் கருவி பொருத்தி, சட்டத்தைத் திருத்தி, அபராதத்தையும் கூட்டியிருந்தது. எங்கள் ஊரில் அதற்குச் சொன்ன விளக்கம் வேறு: “அமெரிக்காவும் ஐரோப்பாவும் கொழும்போட ராசியாயிட்டாங்க.” பிடிபட்ட நம் படகுகள் யாழ்ப்பாணக் கரையில் வெயிலில் பிளந்து கிடக்கும்போது அப்படித்தான் தோன்றும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜிஎஸ்பி பிளஸ் கதை இதைவிடச் சிக்கல். சுனாமிக்குப் பிறகு 2005இல் இலங்கைக்குக் கிடைத்த சலுகை அது. ஆயத்த ஆடை உட்பட ஏராளமான பொருட்களைத் தீர்வை இல்லாமல் ஐரோப்பாவுக்கு அனுப்பலாம்; பதிலுக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்த வேண்டும். சித்திரவதைத் தடுப்பு, குடியியல் அரசியல் உரிமை, குழந்தைகள் உரிமை ஆகிய மூன்றிலும் இலங்கை தவறிவிட்டது என்று சொல்லி 2010 ஆகஸ்ட் 15ஆம் தேதி சலுகையை நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் இதை இன்றைக்கும் மேடையில் சொல்வார்: முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு கொழும்பைப் பார்த்துக் கணக்குக் கேட்டது ஐரோப்பா மட்டும்தான் என்று. அதே ஐரோப்பா 2006இலேயே புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்ததை அந்த மேடையில் சொல்ல மாட்டார். 2017 மே 19ஆம் தேதி சலுகை திரும்பக் கொடுக்கப்பட்டதையும் சொல்ல மாட்டார். நினைவேந்தல் நாளுக்கு மறுநாள்! வேண்டுமென்று அந்தத் தேதியைப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள், பிரஸ்ஸல்ஸில் அந்தத் தேதி யாருக்கும் உறைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் இங்கே உறைத்தது.

அந்த 2017 எங்கள் கரைக்கு ஒரு மாதிரியான வருஷம். மே மாதம் சலுகை திரும்பியது. ஜூலை தொடக்கத்தில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலை, அதாவது விசைப்படகு கடலடியில் வலையை இழுத்துப் போய் மீன் பிடிப்பதை, முற்றாகத் தடை செய்தது. ஜூலை 26ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு. புலிகளைப் பட்டியலில் வைத்திருந்த பழைய உத்தரவுகளுக்கு முறையான ஆதாரம் காட்டவில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. தடையே நீங்கிவிட்டது என்று இங்கே வாட்ஸப்பில் பறந்தது. நீங்கவில்லை, பட்டியலில் பெயர் அப்படியேதான் இருந்தது. மறுநாள் 27ஆம் தேதி பிரதமர் கலாம் நினைவிடத்தைத் திறக்க ராமேஸ்வரம் வந்தார். ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டத்துக்கான ஆணைகளையும் அன்றைக்குத்தான் கொடுத்தார். படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம், 20 வங்கிக் கடன், 10 மீனவர் கையிலிருந்து. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்றார்கள். அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

கீழக்கரைப் பெரியவர் ஒருவர் மட்டும் இந்த விஷயத்தை வேறு மாதிரி பார்ப்பார். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பம். “காக்கா, ஐரோப்பா நம்ம பக்கமா, அவங்க பக்கமா?” என்று ஒரு தடவை கேட்டேன் (அங்கே மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்). “தம்பி, அது சட்டைக் கணக்கு. யாரு பக்கமும் இல்ல” என்றார். பிறகு விரலை மடக்கி விளக்கினார். சலுகை போனால் முதலில் வேலை போவது கட்டுநாயக்கவில் தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்ணுக்கு. போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும்கூட ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, அங்கே தைப்பது தமிழ்ப் பெண்கள். “நிறுத்து நிறுத்துன்னு நாம கத்துறது யாரு வயித்துல அடிக்கிறதுன்னு பாரு.” பயங்கரவாதத் தடைச் சட்டத்தை முன்னிட்டு, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூனில் தீர்மானம் போட்டது. அப்போதும் அவர் இதையேதான் சொன்னார். சலுகை நிற்கவில்லை. எங்கள் கரையில் ஐரோப்பாவைச் சரியாகக் கணக்குப் போட்ட ஆள் இவர் என்பது என் எண்ணம், மனித உரிமையைச் சட்டைக் கணக்கு என்று ஒரேயடியாகத் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை என்றாலும்.

சரி, கம்பு இக்கரைக்கு வரும் கதைக்கு வருகிறேன்.

2010 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்குக் கடல்மீன் எது போனாலும் கேட்ச் சர்டிஃபிகேட் வேண்டும். எந்தப் படகு, பதிவு எண் என்ன, என்ன மீன், எவ்வளவு எடை, எந்தக் கடற்பகுதி, எந்தத் தேதி. இதுதான் என் பிழைப்பு. ஊசிக்கணவாய் வந்து இறங்கும் இரவில் கம்பெனிச் சிமெண்ட் தரை முழுக்கக் கணவாய் கக்கிய கறுப்பு மை. தரம் பிரிக்கும் பெண்கள் கை முழங்கை வரை மை. படகோட்டி ஒரு சிகரெட் அட்டையில் எடையைக் கிறுக்கிக் கொடுப்பார், அதிலும் பாதி எண்ணை மை தின்றிருக்கும். அதைப் பார்த்து IND என்பதைத் தமிழில் ‘ஐஎன்டி’ என்று வாயில் சொல்லிக்கொண்டே பதிவு எண்ணைக் கட்டத்தில் நிரப்புவேன். எடையும் மீனும் பிரச்சினை இல்லை. எந்தக் கடல் என்ற கட்டம் வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் எல்லாரும் வேறு எதையாவது பேசுவோம். கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமே 1974இல் எல்லைக் கோடு போட்டாயிற்று, மீன் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கைக்குச் சிவப்பு அட்டை காட்டியபோது கைதட்டிய அதே முதலாளியிடம், “அண்ணே, இதே விதிய பாக்கு நீரிணைக்குப் போட்டா நமக்கு என்ன அட்டை?” என்று கேட்டேன். முறைத்தார். “நாம பாரம்பரியமா போற கடல்” என்றார். பாரம்பரியம் உண்மைதான், அறுபதுகளுக்கு அப்புறம் வந்த இழுவைமடிக்கு அந்தப் பாரம்பரியம் பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. அவர் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

ஆனால் அவர் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. ஐரோப்பாக்காரன் கப்பலை யார் கேட்பது? ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுப் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் செஷல்ஸ் பக்கம் நின்று சூரையை அள்ளுகின்றன. மிதவைகளைக் கடலில் விட்டு, அதன் நிழலில் சேரும் குஞ்சு மீனையும் சேர்த்து வாரும் முறை. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய சூரைமீன் ஆணையம், அந்த மிதவைகளுக்கு ஆண்டுக்கு 72 நாள் தடை என்று முடிவெடுத்தது. ஐரோப்பிய யூனியன் ஆட்சேபம் கொடுத்து விலகிக்கொண்டது. எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் ஏறிவிடும், ஆட்சேபம் கொடுக்க யாரும் கேட்பதில்லை. “நமக்கு 61, அவனுக்கு மட்டும் கசக்குதா?” என்றார். இதை ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் எழுதியிருந்தால் கட்டுரை என்பார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு இந்தக் கோபம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு ஐரோப்பா வாடிக்கையாளர், அவ்வளவுதான். வளர்ப்பு இறாலில் பாதிச் சரக்கை நிறுத்திச் சோதிப்பதாக 2016இல் ஐரோப்பா முடிவெடுத்தபோதுகூட முனகினார்களே தவிர எதிர்த்துப் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட பிறகு ஐரோப்பா மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது. அந்தச் சமயத்தில் சங்கத்துக்காரர் ஒருவர், “இந்தியாவோட ஒப்பந்தம் பேசுறாங்களே, அதுல நம்ம படகை விடச் சொல்லி ஒரு வரி சேக்கச் சொல்லலாம்ல?” என்றார். கம்பெனிக்காரர் பதறிவிட்டார். “அவங்க வாயில நம்ம படகு பேரே வரக் கூடாது. வந்துச்சுன்னா முதல்ல எங்க புடிச்சேன்னு கேப்பான்.”

இத்தனை பேர் கருத்தையும் எழுதிவிட்டேன், முன்வரிசையில் நாற்காலி இல்லாத ஒருவரையும் சேர்க்க வேண்டும். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் மச்சான் ஒருவர், விசைப்படகு போகாத நாட்களில் கடலுக்குப் போகிறவர். ஐரோப்பா கெடுபிடி செய்தால் உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அவர் என்னிடம் இருந்த சர்டிஃபிகேட் நகலை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதுல இரட்டைமடிக்கு ஒரு கட்டம் இருக்கா?” என்று கேட்டார். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் அந்த இரட்டைமடிக்கு நம் மாநிலத்திலேயே சட்டப்படித் தடை இருக்கிறது என்றேன். “அது எனக்கும் தெரியும். நம்மாளு பாக்க மாட்டேங்கிறான், அவனாச்சும் பாக்கட்டும்னுதான் கேக்குறேன்” என்றார்.