நெல்வயல் மீத்தேனும் ஏழை நாடுகளின் கணக்கும்

1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல்வயல்களிலிருந்து, புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் ஆண்டுக்கு 3.78 கோடி டன் வெளியேறுகிறது என்று ஒரு கணக்குப் போட்டது. வெளிநாட்டு வயல்களில் கிடைத்த அளவை எடுத்து நம் நெல் பரப்பளவால் பெருக்கினால் வரும் எண் அது. புவி சூடாவதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாக்குவாதம் சூடுபிடித்திருந்த நேரம், அந்த எண் நம் தலையில் விழுந்தது.

1991-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கி அளந்தார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நெற்பயிர்க் குத்துகளின் மேல் காற்று புகாத ஒரு பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிட இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாற்று நட்டதிலிருந்து அறுவடை வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், சேற்றில் நின்றுகொண்டு. கடைசியில் வந்த விடை ஏறத்தாழ 40 லட்சம் டன், அதாவது முன்பு சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை பாருங்கள். தண்ணீர் தேங்கிய மண்ணில்தான் மீத்தேன் உண்டாகும்; நம் நாட்டில் நெல் எல்லா இடத்திலும் எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதில்லை, மானாவாரி நிலம் நிறைய, மண்ணில் கரிமச் சத்தும் குறைவு.

காலநிலை விஷயத்தில் வளரும் நாடுகள் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், "பணக்கார நாடுகள் நம்மைக் கண்காணிக்கப் பார்க்கின்றன" என்று கோபப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. சொந்தமாக அளந்து வைத்திருக்காத நாட்டுக்கு அடுத்தவர் போட்ட கணக்குதான் கணக்கு.

புவி சூடாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின் 13-ஆவது பிரிவுப்படி, அதில் சேர்ந்த எல்லா நாடுகளும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும்: எவ்வளவு வெளியிட்டோம், வாக்குக் கொடுத்ததில் எதுவரை வந்திருக்கிறோம், வளரும் நாடு என்றால் என்ன உதவி கிடைத்தது, இன்னும் என்ன தேவை. முதல் அறிக்கைக்குக் கெடு 2024 டிசம்பர் 31. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் மட்டும் அவர்கள் விருப்பப்படி தரலாம் என்று சலுகை. உதவிக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் வழியாகத் தனித் திட்டமே நடக்கிறது.

அந்த உதவி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் எனக்கு வருத்தம். பல நாடுகளில் அறிக்கைக்கென்று ஒரு திட்டம் வரும், ஆலோசகர்கள் வருவார்கள், எக்செல் கோப்புகள் நிரம்பும், அறிக்கை போகும், திட்டம் முடியும், எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் இதற்கென்று நிரந்தரச் சம்பளத்தில் ஐந்தாறு பேர் பத்து வருஷம் ஒரே இடத்தில் இருந்தால் நடக்கக்கூடியது, பயிலரங்குகள் எத்தனை வைத்தாலும் நடக்காது.

விவரம் எவ்வளவு கீழிருந்து வர வேண்டும் என்பதற்கு நெல்லையே பாருங்கள். ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டு நெறிகளில் (2006), எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், இடையில் ஒருமுறை காயவிட்ட வயலுக்கு 0.60, பலமுறை காயவிட்டால் 0.52. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் விவசாயி மீத்தேனைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்துவிடுகிறார். சரி, அது நாட்டின் கணக்கில் எப்படி ஏறும்? நம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் சர்வே எண், பயிர், பரப்பு, பாசன ஆதாரம் எல்லாம் இருக்கும், வயலை எத்தனை முறை காயவிட்டார்கள் என்பதற்கு இடமில்லை. அதை யாரும் எழுதி வைக்காவிட்டால், நல்லது செய்த விவசாயியும் செய்யாதவரும் கணக்கில் ஒன்றுதான். அப்புறம் அந்த வேலைக்கு நிதி கேட்டால் ஆதாரம் எங்கே என்பார்கள்.

மாட்டுக் கதையும் இதேதான், அசைபோடும் மாடும் ஏப்பத்தில் மீத்தேனை விடுகிறது. அதே வழிகாட்டு நெறிகளில், ஆப்பிரிக்காவின் கறவையல்லாத மாட்டுக்கு ஆண்டுக்கு 31 கிலோ மீத்தேன் என்று பொது எண் ஒன்று உண்டு. நைரோபியில் உள்ள சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் மேற்கு கென்யாவில் சிறு விவசாயிகளின் மாடுகளை எடை போட்டு, தீவனத்தின் தரத்தைப் பார்த்து, மேய எவ்வளவு தூரம் நடக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பொது எண்ணைவிடக் குறைவாகவே வந்தது.

இதற்கு ஆகும் செலவு பெரியதல்ல. ஒரு எடை மேடை, ஒரு ஆய்வகம், ஊர் ஊராகப் போகச் சம்பளம் வாங்கும் ஆட்கள். அடுத்த அறிக்கைக்குக் கெடு 2026 டிசம்பர் 31. உதவி செய்ய நினைக்கும் நாடுகள் அறிக்கைக்குப் பணம் தருவதைக் குறைத்துக்கொண்டு, அந்த ஆட்களின் சம்பளத்துக்குத் தரட்டும், ஒரு திட்ட காலத்துக்கு மட்டுமல்லாமல் தொடர்ந்து.